மூன்றாம் அத்தியாயத்தின் மௌனம்

எந்த வீட்டுக்குப் போனாலும் சரி, படுக்கை விரிப்பின் மூலை தொங்கிக்கொண்டிருந்தால் சித்திக்குக் கை சும்மா இருக்காது. பேச்சை நிறுத்தாமலே குனிவாள். மெத்தையை இடக்கையால் லேசாகத் தூக்கி, தொங்கும் துணியை முக்கோணமாக மடித்து, அடியில் செருகி, மேலே ஒரு தட்டு தட்டுவாள். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருக்கும்போதே நான்கு மூலையையும் மடித்துவிட்டாள். அவரால் காலை நகர்த்தவே முடியவில்லை. "உன் தங்கச்சி என்னைப் பார்சல் கட்டிட்டுப் போயிட்டா" என்று அம்மாவிடம் புலம்பினார்.

பதினைந்து வருஷமாக இதைப் பார்க்கிறேன். அந்த மடிப்பே அவளுடைய பட்டத்தை நிறுத்திவைக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பெரிய ஹோட்டல் ஒன்றில் மூன்றாம் தளம் அவள் பொறுப்பு. ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் விரிப்பு மாற்ற வேண்டும், குளியலறை கழுவ வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும், முந்தைய ஆள் அங்கே இருந்ததற்கான தடயமே இல்லாமல் செய்ய வேண்டும். பதினெட்டு வருஷம் செய்தாள். அந்தப் பதினெட்டு வருஷத்தில் ஐந்து சூப்பர்வைசர்கள் மாறி மாறி வந்தார்கள். ஐந்து பேருக்கும் மூலை மடிப்பைச் சொல்லிக்கொடுத்தது சித்திதான். ஐந்து பேரிடமும் பட்டம் இருந்தது. அவளிடம் இல்லை.

"ஆறாவது ஆள் நான்தான்" என்று ஒரு நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அறிவித்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நான் அந்த வாரம்தான் மாலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்துக்கு விண்ணப்பம் வாங்கியிருந்தேன். பகலில் மருந்துக் கடையில் பில் போடும் வேலை. "அந்த பாரத்துல இன்னொண்ணு வாங்கிட்டு வாடி" என்றாள்.

அம்மா, "இந்த வயசுல இதுக்கெல்லாம் போய் என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"பட்டம் வாங்கி மேனேஜர் மேசை மேல வைக்கப் போறேன்க்கா. கண்ணாடி பிரேம் போட்டு. அந்த பிரேமையும் நானே துடைப்பேன்."

அப்படித்தான் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். முதல் நாள் வழக்கம்போல நான் அவளைச் சித்தி என்று கூப்பிட்டேன். அதன்பிறகு வகுப்பு முழுவதற்கும் அவள் சித்திதான். அவளைவிட நான்கு வயது மூத்த வங்கிக் காவலாளிகூட, "சித்தி, பேனா இருக்கா?" என்றுதான் கேட்பார். "இருக்கு மகனே" என்று கொடுப்பாள்.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பழைய பயங்கர நாவல் பாடமாக இருந்தது. முழு நாவலும் இல்லை, முதல் ஐந்து அத்தியாயங்கள் மட்டும். சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு கல் மாளிகை. வயதான முதலாளிக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் வேலைக்காக ஓர் ஏழைப் பெண் அங்கே வந்து சேருகிறாள். வீட்டைக் கவனிக்கும் பணிப்பெண் ஒருத்தி, இடுப்பில் சாவிக்கொத்துடன், அதிகம் பேசாமல் நடமாடுகிறாள். மேல்தளத்தில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் முடியும்போது அந்தப் பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து யாரோ இருமுகிறார்கள். அதோடு எங்கள் பாடத்திட்டம் முடிந்துவிடும். இருமியது யார் என்பது பல்கலைக்கழகத்துக்கு அவசியமில்லை.

பாடம் நடத்தியவரை நாங்கள் குறிப்பு சார் என்போம். மூச்சுக்கு மூச்சு "குறிச்சுக்குங்க" என்பார். அவருடைய குறிப்புகள் பதினொரு தாள்கள். கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். அங்கேயே அந்த ஐந்து அத்தியாயங்களின் நகலும் கிடைக்கும். நகலில் பக்க எண்கள் கிடையாது. யாரோ எப்போதோ அடி ஓரம் வெட்டுப்பட்டு நகலெடுத்திருந்தார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குறிப்பை மட்டும் வாங்கினோம். நானும்தான். சித்தி இரண்டையும் வாங்கினாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தாள். ஹோட்டலில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், துணிகள் குவிந்து கிடக்கும் அறையில், அழுக்கு மூட்டை மேல் உட்கார்ந்து படிப்பாளாம். சொல்லுக்குச் சொல் பென்சிலால் அர்த்தம் எழுதியிருப்பாள். வேகமாகப் படிக்கத் தெரியாததால் அவளால் எதையும் தாண்டிப் போக முடியவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் பணிப்பெண் அலமாரியைத் திறந்து மூன்று விரிப்புகளை எடுக்கிறாள். கடிதம் எழுதும் பெண் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பணிப்பெண் விளக்கோடு படியேறுகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தின் முதல் வரியில் விடிந்துவிடுகிறது. மழை நின்றிருக்கிறது. பணிப்பெண் வெறுங்கையோடு படிக்கட்டின் அடியில் நிற்கிறாள்.

குறிப்பில் இதற்கு ஒரு தனித் தலைப்பே இருந்தது. 'திடீர் மௌனம்: நடுவே நிகழ்ந்ததை ஆசிரியர் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறார். இம்மௌனமே அச்சத்தின் ஊற்று. பணிப்பெண் தீமையின் வடிவம். கதாநாயகி ஏதுமறியாதவள்.' ஆண்டுதோறும் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருவது இதுதான். குறிப்பு சார் அந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். மௌனம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக.

அன்றும் அப்படித்தான் நிறுத்தினார். "மேலே யார் இருக்கறதா நினைக்கிறீங்க? பேசுங்க, கலந்துரையாடல்தானே."

"பேய் சார்" என்றான் செல்போன் கடையில் வேலை செய்யும் நண்பன்.

"பேய் விரிப்பு போட்டுத்தான் படுக்குமா?" என்று சித்தி கேட்டாள்.

"குளிர் நாட்டுப் பேய் சித்தி. போர்வையும் கேக்கும்."

எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சித்தி எழுந்தாள். "சார், அவ விரிப்பு போட வேண்டிய ஆள் முதலாளியும் இந்தப் பொண்ணுமா ரெண்டு பேர்தான், விரிப்பு மூணு. சரி, அது மர்மம். நாலாவது அத்தியாயத்துல இந்தப் பொண்ணு தன் படுக்கையைத் தானே போடுறா. 'அவள் சொல்லித்தந்தபடி மூலையை மடித்தேன்'னு வருது. எப்போ சொல்லித்தந்தா? நான் ரெண்டு தடவை முதல்ல இருந்து தேடிட்டேன். அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டில் பக்கத்துல நிக்கவே இல்லையே."

"அது சின்ன விவரம்மா."

"சின்னது இல்ல சார். அந்த மடிப்பு பார்த்தா வராது. ஒருத்தர் கையைப் பிடிச்சு சொல்லித்தரணும். எனக்கு மூணு நாள் ஆச்சு."

"சரி. என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒரு பக்கம் காணோம் சார்."

குறிப்பு சார் பொறுமையாகத்தான் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. "அந்த இடைவெளிதாம்மா இந்த நாவலோட அழகே. பதினொரு வருஷமா இதைத்தான் நடத்திட்டு இருக்கேன்."

"பதினொரு வருஷமா காணோமா சார்?"

சித்தி அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஓர் அறையில் துண்டு காணாமல் போனால் என்றிலிருந்து காணோம் என்று கேட்பாளே, அந்தக் குரல்தான். ஆனால் வகுப்பு வெடித்துச் சிரித்தது. குறிப்பு சாரின் காது சிவந்தது. நான் பெஞ்சுக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் நான் இருந்தேன்.

மறுநாள் அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"இதோட அசல் எங்கண்ணே?"

கடைக்காரர் நைந்துபோன ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் அசல்."

"இதுவே ஜெராக்ஸ்தானே."

"இதோட அப்பனும் ஜெராக்ஸ்தாம்மா. தாத்தா யாருன்னு உங்க சாரைத்தான் கேக்கணும்."

தாத்தா கல்லூரி நூலகத்திலேயே, கண்ணாடி அலமாரிக்குள் இருந்தார். நூலகர் சாவியைத் தேடவே கால் மணி நேரம் ஆனது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரே ஒரு தேதி முத்திரை இருந்தது, பதினொரு வருஷத்துக்கு முந்தையது. எடுத்தவர் பெயர் குறிப்பு சாருடையது.

மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தோம். பணிப்பெண் படியேறினாள். தாளைத் திருப்பினேன். விடிந்திருந்தது.

"பார்த்தியா சித்தி? அசல்லயே அப்படித்தான் இருக்கு. போலாம் வா."

அவள் நகரவில்லை. அந்தத் தாளை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். பிறகு அடுத்த தாளைத் தேய்த்தாள். திரும்பவும் முதல் தாளுக்கு வந்தாள். சலவையிலிருந்து கஞ்சி போட்டு வரும் விரிப்புகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். இருபது வருஷமாக அதைப் பிரித்த விரல்கள் அவை.

"இது ஒண்ணு இல்லடி. ரெண்டு."

நூலகர் எட்டிப் பார்த்தார். நான் பக்க எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தொன்றின் மறுபக்கம் நாற்பத்து நாலு. என்றோ ஈரம் பட்டு இரண்டு தாள்கள் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. சித்தி கொண்டை ஊசியைக் கழற்றி, அதன் மழுங்கிய முனையை ஓரத்தில் நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல மெல்லப் பிரித்தாள். நூலகர் "கிழிஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்று மூன்று தடவை சொன்னார். கிழியவில்லை.

உள்ளே இருந்தது இதுதான். கடிதம் எழுதும் பெண் பணிப்பெண்ணின் பின்னாலேயே படியேறிப் போகிறாள். பணிப்பெண் பூட்டைத் திறக்கிறாள். கட்டில் பெரியது, தனியாக விரிப்பு போட முடியாது. மறுமுனையைப் பிடித்துக்கொள் என்கிறாள். மெத்தையில் ஆள் படுத்த குழி இருக்கிறது. அந்தப் பெண் கையை வைத்துப் பார்க்கிறாள். இன்னும் சூடு ஆறவில்லை. திரைக்கு அப்பால் யாரோ மூச்சு விடுகிறார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பணிப்பெண் அவள் கையைப் பிடித்து மூலையை மடிக்கச் சொல்லித்தருகிறாள். இனி இந்த வீட்டில் இது தெரிந்தவர்கள் நாம் இருவர் என்கிறாள். பிறகு விளக்கை அணைக்கிறாள்.

ஆக, கதாநாயகி ஏதுமறியாதவள் இல்லை. பணிப்பெண் யாரையோ சிறை வைத்தவளும் இல்லை, யாரையோ பார்த்துக்கொள்கிறவள். மௌனம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

சித்தி கொண்டை ஊசியைத் திரும்பச் செருகிக்கொண்டாள். "வேலை செய்யற இடத்தை மட்டும் தாண்டிட்டுப் படிச்சா அவ பேயாத்தான் தெரிவா" என்றாள். பிறகு அந்த இரண்டு பக்கங்களையும் ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொண்டாள்.

இந்த இடத்தில் அவள் செய்திருக்கக்கூடிய புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. குறிப்பு சாரைத் தனியாகப் பார்த்துக் காட்டியிருக்கலாம். நான் சொன்னேன். "சார் தனியாவா தப்பா நடத்தினார்? எல்லாருக்கும் முன்னாடிதானே" என்று கேட்டாள்.  

அடுத்த வகுப்பில் எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தாள். அவளுடைய ஆங்கில உச்சரிப்பு ஹோட்டல் விருந்தினர்களிடம் கற்றது. ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுவதுபோல உச்சரிப்பாள்.

"உட்காருங்கம்மா."

"முடிச்சுட்டு உட்காரறேன் சார். ரெண்டே பக்கம்."

"இது பாடத்திட்டத்துல இல்ல."

"முதல் அஞ்சு அத்தியாயம்னு போட்டிருக்கு சார். இது மூணாவது."

வங்கிக் காவலாளி மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். குறிப்பு சார் மேசையைத் தட்டினார். சித்தி படித்தாள். அவர் வெளியே போய்விட்டார். அவள் காலியான நாற்காலியைப் பார்த்து இரண்டாம் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

துறைத்தலைவர் அம்மாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கூட நானும் போனேன். வகுப்பின் ஒழுங்கைக் குலைத்ததற்காக மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். தரும்வரை அந்தப் பாடத்துக்கான உள்மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகாது. உள்மதிப்பெண் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. ஹோட்டலில் அப்போதிருந்த சூப்பர்வைசர் ஏப்ரலில் விலகுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். மேனேஜர் சித்தியிடம், "பேப்பர் கையில இருந்தா கொண்டுவாங்க, பார்ப்போம்" என்று சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"பக்கம் இருந்துச்சா இல்லையா மேடம்?"

"பிரச்சனை பக்கம் இல்லம்மா. நீங்க நடந்துகிட்ட முறை."

"உட்காரச் சொன்னாரு, நின்னேன். அது ஒண்ணுதான் நான் பண்ணினது."

"அதைத்தான் எழுதிக் கொடுங்கன்னு சொல்றேன்."

வீட்டுக்கு வந்து நானே எழுதினேன். நாலு வரி. கையெழுத்துக்கு இடம் விட்டுச் சித்தி முன்னால் வைத்தேன். அவள் படித்தாள்.

"எதுக்கு மன்னிப்புன்னு போடவே இல்லையே."

"பொதுவா போட்டிருக்கேன் சித்தி. ஒழுங்கீனம்னு."

"என்ன ஒழுங்கீனம்? தெளிவா எழுது. பக்கம் நாற்பத்து ரெண்டையும் நாற்பத்து மூணையும் படிச்சதுக்காக மன்னிக்கவும்னு எழுது. இப்பவே போடறேன் கையெழுத்து."

"அப்படி எழுதினா வாங்க மாட்டாங்க."

"அப்போ அது என்னோட தப்பு இல்ல."

அம்மா கத்தினாள். அப்பா கெஞ்சினார். "ஏப்ரல் வருதும்மா. ஒரு கையெழுத்து. ஹோட்டல்ல எத்தனை பேர் கிட்ட தினமும் சாரி சொல்ற."

"சொல்றேன் மாமா. நான் பண்ணாததுக்கெல்லாம் அங்கே சொல்றேன். அது சம்பளத்துல சேர்ந்தது. இதுக்கு நான் ஃபீஸ் கட்டிப் படிக்கிறேன்."

தேர்வு வந்தது. 'மூன்றாம் அத்தியாயத்தில் ஆசிரியர் கையாளும் திடீர் மௌனத்தின் பயன் யாது?' ஐந்து மதிப்பெண். எனக்கு முன் பெஞ்சில் சித்தி. அவள் பேனா ஓடுவதைப் பார்த்தேன். பிறகு கேட்டபோது, "மௌனம் எதுவும் இல்லை, இரண்டு பக்கங்கள் உள்ளன என்று ஆரம்பிச்சேன். அப்புறம் அதுல என்ன இருக்குன்னு எழுதினேன். கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு" என்றாள்.

நான் குறிப்பில் இருந்ததை எழுதினேன். பணிப்பெண் தீமையின் வடிவம் என்று எழுதினேன். ஒட்டிய தாள் பிரிவதை என் கண்ணால் பார்த்தவள் நான். கதாநாயகி ஏதுமறியாதவள் என்றும் எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது. அந்தத் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண்.

ஏப்ரலில் ஹோட்டலுக்குப் புது சூப்பர்வைசர் வந்தாள். இருபத்து மூன்று வயது. முதல் நாளே சித்தி அவள் கையைப் பிடித்து மூலை மடிக்கச் சொல்லித்தந்தாள். "நல்ல பொண்ணு. ரெண்டு நாள்லயே பிடிச்சுக்கிட்டா" என்றாள். குரலில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று எங்கள் வீட்டில் இருந்த எல்லாக் கட்டில்களின் விரிப்பையும் உருவிப் போட்டு, மறுபடி முதலிலிருந்து விரித்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பட்டம் வந்தது. நான்கு மாதம் அலைந்து கிடைத்த வேலை, அதே கல்லூரியின் துறை அலுவலகத்தில் தட்டச்சு. தற்காலிகம்தான். நான் சேர்ந்த மூன்றாம் வாரத்தில் குறிப்பு சார் தன் குறிப்பைப் புதிதாகத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். இப்போது பன்னிரண்டு தாள்கள். 'திடீர் மௌனம்' என்ற தலைப்பு போயிருந்தது. அதற்குப் பதிலாக, 'விரிப்பும் உடந்தையும்: கூர்ந்து வாசிப்போர் கவனிக்க வேண்டிய பகுதி.' ஜெராக்ஸ் கடையில் புது அசல் இருக்கிறது, நாற்பத்திரண்டும் நாற்பத்து மூன்றும் சேர்த்து. தட்டச்சு முடிந்ததும் அவர் என் மேசைக்கு அருகே கொஞ்சம் தயங்கி நின்றார்.

"உங்க சித்தி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார்."

"அந்த லெட்டர்... ரெண்டு வரி போதும்னு சொல்லுங்க. நான் மேடம்கிட்ட பேசிக்கறேன்."

போய்ச் சொன்னேன். "நாலு வரி ரெண்டு வரியாகி இருக்கு. பரவாயில்லையே, வளர்றாங்க" என்று சித்தி தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள். அடுத்த வருஷம் துறைத்தலைவர் அம்மாளே ஒரு வரி போதும் என்றார். போன மாதம், வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் மேலே அவர்களே எழுதிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"எழுதாத தாள்ல கையெழுத்து போடுவேனா? அதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சித்தி, அவங்களுக்கு வேணும்கிறது ஒரு பேப்பர். அவ்வளவுதான். கோப்பை மூடணும்."

"எனக்கும் ஒரு பேப்பர்தான் வேணும். அவங்க முதல்ல கொடுக்கட்டும்."

 சில நாள் அவள்மேல் கோபமாக வரும். நாற்பத்து மூன்று வயதில் பதினான்கு அறை, முழங்கால் வலி, குனிந்து நிமிர்வதற்குள் கண்ணில் தண்ணீர். சில நாள் அந்த ஐந்து மதிப்பெண்ணை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று யோசிப்பேன். அப்படி ஒரு படிவம் துறை அலுவலகத்தில் இல்லை. நான் எல்லா அலமாரியையும் பார்த்துவிட்டேன்.

பட்டமளிப்புக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் நிலுவைப் பட்டியல் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். யார் என்ன தரவில்லையோ அது. நூலகப் புத்தகம், அடையாள அட்டை, மாற்றுச் சான்றிதழ். பழைய மாணவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள், பெயர்கள் குறைந்துகொண்டே வரும். இந்த வருஷப் பட்டியலை நேற்று தட்டச்சு செய்தேன். சித்தியின் பதிவெண்ணுக்கு எதிரே தரவேண்டியவை என்ற கட்டத்தில் 'மன்னிப்புக் கடிதம் – 1' என்று அடித்தேன். பெற்ற தேதி என்ற கட்டத்தைப் போன வருஷம் போலவே காலியாக விட்டேன்.